ஸ்ப்ளைஸ்: வெறும் இணைப்பு இல்லை, புரிபிணைப்பு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை நின்றுபோகிற இடங்களில் ஒன்று ‘ஸ்ப்ளைஸ்’, தரவைக் கெர்னலுக்குள்ளேயே கைமாற்றிவிடும் ஒரு வசதியின் பெயர். சட்டென்று ‘இணைப்பு’ என்று போடத் தோன்றும். லிங்க்குக்கும் அதே, கனெக்‌ஷனுக்கும் அதே, மெயிலில் வரும் அட்டாச்மென்ட்டுக்கும் அதே என்றால் படிக்கிறவருக்கு எது என்று எப்படித் தெரியும்?

இது கப்பல்காரர்கள் சொல், இடைக்கால டச்சு மொழியில் ‘ஸ்ப்ளிஸன்’. இரண்டு கயிற்று நுனிகளிலும் புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னி, ஒரே கயிறாக்குவது. முடிச்சு போடுவதில்லை, அதுதான் முக்கியம். முடிச்சு கப்பியில் மாட்டும், பின்னினது ஓடும்.

இதே காரியத்தை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூர் தறி வீடுகளில் பார்க்கலாம். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள், தீரப்போகும்போது விழுதிலும் (இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) கோத்திருக்கிற பழைய நுனிகளை உருவுவதில்லை. அப்படியே விட்டுவிட்டு, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக எடுத்து பழைய நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, அடுத்த இழை, ஒரு முறுக்கு, இப்படியே ஆயிரக்கணக்கில். அப்புறம் மெதுவாக இழுத்தால் சேர்ந்த இடம் அச்சுப் பல்லுக்குள் புகுந்து வந்துவிடும். பாவு பிணைக்கிறது என்பார்கள்.

கெர்னலில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு கோப்பை நெட்வொர்க்கில் அனுப்ப, ரீட் செய்து நிரலின் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, ரைட் செய்து திரும்பக் கெர்னலுக்குள் தள்ள வேண்டியிருந்தது, அதாவது ஒரே தரவை சிபியு இரண்டு முறை நகலெடுக்கும். அதைத் தவிர்க்க 1999-இல் வந்த லினக்ஸ் 2.2-இல் சென்ட்ஃபைல் என்ற அழைப்பு வந்தது, நிரல் கெர்னலைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வழிகளில் ஒன்று. 2006-இல் 2.6.17-இல் ஸ்ப்ளைஸ் வந்தது, எழுதியவர் யென்ஸ் ஆக்ஸ்போ. நடுவில் ஒரு பைப் இருக்கும், அதாவது கெர்னலுக்குள் தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம், வழக்கமாக 16 நினைவகப் பக்கங்கள், 64 கேபி. பைட்டுகளை நகலெடுப்பதற்குப் பதில் அந்தப் பக்கங்களைச் சுட்டும் குறிப்புகளையே முடிந்தவரை கைமாற்றிவிடும்.

அடுத்த வருஷம் 2.6.23-இல், கெர்னலுக்குள் கோப்பு முறைமைகள் (ஃபைல் சிஸ்டம்) வைத்திருந்த பழைய சென்ட்ஃபைல் இடைமுகத்தை எடுத்துவிட்டு, அந்த வேலையை ஸ்ப்ளைஸிடம் கொடுத்தார்கள். ஆனால் நிரல்கள் அழைக்கிற சென்ட்ஃபைல் அப்படியே இருந்தது, அதைக் கூப்பிடுகிற எந்த நிரலையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அச்சில் கோத்த நுனி பழசு, பின்னால் ஓடுவது புதுப் பாவு. எனக்கு இந்த மாற்றத்தில் மிகப் பிடித்ததே இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பிணை’ என்று மட்டும் விட்டால் கோர்ட் ஜாமீன் ஞாபகம் வரும், ‘பிணைப்பு’ என்றால் வேதியியல். ‘இழைபிணை’ அழகான சொல்தான், ஆனால் இழை என்பதை ஏற்கெனவே, ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் த்ரெட்டுக்குக் கொடுத்துவிட்டோம். புரி இருக்கிறதே! முப்புரி நூலில், வலம்புரிச் சங்கில் எல்லாம் வாழ்கிற சொல், முறுக்கையும் சொல்லும், கயிற்றின் இழையையும் சொல்லும். அதனால் வினை புரிபிணை, பெயர் புரிபிணைப்பு. ஃபைல் என்பதே லத்தீனில் நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ வழியாக வந்தது, காகிதங்களை நூலில் கோத்து வைத்த காலத்துச் சொல். நம் கோப்பும் கோப்பதிலிருந்து வந்ததுதான். புரிபிணைப்பை அதன் பக்கத்தில் வைத்தால் ஒட்டாமல் போகாது (சாக்கெட் என்பது நெட்வொர்க் தொடர்பின் நுனி): “கோப்பையும் சாக்கெட்டையும் ஒரு பைப் வழியாகப் புரிபிணைக்கிறோம்.”