எஞ்சினை இறக்கச் சொன்னவர் அளந்து பார்த்தாரா?

பானெட்டைத் தூக்குவதற்குள் கேள்வி வந்துவிடும்: "பிரித்து வேலை பார்க்கலாமா, இல்லை வேறு எஞ்சினே போட்டுவிடலாமா?" மீட்டரில் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய எண், சைலன்சரில் நீலப் புகை, யாரோ சொன்ன யோசனை. இவற்றை வைத்துக்கொண்டு வண்டியின் சொந்தக்காரர் நிற்பார். எஞ்சின் வேலையிலேயே தலை நரைத்த எனக்கும் அந்த நிமிடத்தில் பதில் தெரியாது. உடனே தொகை சொல்லிவிடும் மெக்கானிக்கைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

மீட்டரை மட்டும் வைத்துத் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி, தவணை தவறாமல் ஆயில் மாற்றப்பட்ட எஞ்சினை 3 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு பிரித்தபோதும், சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (ஆயில் தங்குவதற்காகக் கீறப்படும் மெல்லிய கோடுகள்) அழியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டப்பட்ட எஞ்சின் அதில் பாதித் தூரத்திலேயே வழவழத்துப் போயிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடுகிறது. ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை.

முதலில் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒருமுறை நீலப் புகை, பிறகு ஒன்றுமில்லை என்றால், இரவில் வால்வுத் தண்டு வழியாகக் கசிந்த ஆயில்தான் எரிகிறது. வால்வு சீல்கள் இறுகிப் போயிருக்கும். பல எஞ்சின்களில் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமலேயே அவற்றை மாற்றலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து மேடேறும்போது புகை விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான ரிங்கின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். டர்போ உள்ள வண்டியில் அதன் சீல் போனாலும் இதே நீலப் புகைதான். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். கட்டைவிரல் அளவுப் பொருள் அது. வேறொரு பட்டறையில் எஞ்சின் மாற்ற நாள் குறித்துவிட்டு, மனம் கேட்காமல் என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு அதை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

புகைக்குப் பிறகு கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. நல்ல பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 10 பார் அழுத்தத்துக்கு மேல் காட்டும்; சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பேன். அளவு ஏறினால் ரிங், அசையாமல் நின்றால் பெரும்பாலும் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். இந்த ஆயில் முறை பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும், டீசலில் செய்யாதீர்கள். இன்னொரு சோதனையில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

ஆயில் அழுத்தத்தையும் தனி மானி பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டு விளக்கை மட்டும் நம்பக் கூடாது. பழைய ஆயில் ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். கரி மட்டும் இருந்தால் நிம்மதி. பொடிப்பொடியாக மினுமினுத்தால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஹெட்டைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, சிலிண்டர் சுவரில் கீழிருந்து மேலாக நகத்தை ஓட்டுவது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் நகம் தட்டி நின்றால், அங்கே தேய்ந்து ஒரு விளிம்பு உண்டாகியிருக்கிறது. பிறகு உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளப்பேன். வட்டம் முட்டையாகியிருந்தால் புது ரிங் மட்டும் போடுவது வீண். சில ஆயிரம் கிலோமீட்டரில் புகை திரும்பி வரும். சேமித்த பணத்தை இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ரிப்பேரா, மாற்றமா என்பதைப் பிளாக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும்தான் தீர்மானிக்கின்றன. பிளாக்கை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் போர் செய்து, அதாவது துளையைக் குடைந்து பெரிதாக்கி, அதற்கான பெரிய பிஸ்டன் கிடைத்தால், கிராங்க்கும் அரைத்து எடுக்கும் அளவுக்குள் இருந்தால், நான் ரீபில்டு, அதாவது பிரித்துப் புதுப்பிக்கும் பக்கம்தான். அந்த எஞ்சினின் கதை முழுவதும் நமக்குத் தெரியும். பிளாக்கில் விரிசல், கனெக்டிங் ராடு உடைத்த ஓட்டை, உதிரிப்பாகம் கிடைக்காத மாடல், அல்லது லைனர் (உள்ளே செருகிய குழாய்) இல்லாமல் அலுமினியச் சுவரில் நிக்காசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு மட்டும் உள்ள பிளாக் என்றால் மாற்றுவதே நல்லது. அந்தப் பூச்சைச் சாதாரண லேத் பட்டறையில் போர் செய்து சரிக்கட்ட முடியாது.

மாற்றுவதிலும் வகை உண்டு. தொழிற்சாலையில் அளந்து, புதுப்பித்து, உத்தரவாதத்தோடு வருவது ஒன்று. விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சின் இன்னொன்று. பின்னதன் கிலோமீட்டர் கணக்கு விற்பவரின் வாய்ச்சொல்தான்; நான் மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்துவிட்டே வாங்குங்கள். சென்சார்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் வண்டியோடு ஒத்துப்போகுமா, எஞ்சின் எண்ணைப் பதிவு ஆவணத்தில் மாற்ற வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பழைய எஞ்சின் ஏன் செத்தது? ரேடியேட்டர் அடைத்துச் சூடேறிச் செத்திருந்தால், அதே ரேடியேட்டர் புதியதையும் கொல்லும். ஒருமுறை, வேறோர் இடத்தில் எஞ்சின் மாற்றி மூன்றே மாதமான வண்டி தட்டும் சத்தத்தோடு என்னிடம் வந்தது. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினேன். பேரிங்குகளில் துகள் பதிந்து கோடு கோடாகக் கிழிந்திருந்தது. பழைய எஞ்சினில் இருந்த ஆயில் கூலரை அப்படியே எடுத்துப் புதியதில் மாட்டியிருந்தார்கள். கூலரைக் கவிழ்த்து டீசல் விட்டு அலசினேன். வெள்ளைத் தட்டில் வெள்ளிப் பொடி போலப் படிந்தது. செத்துப்போன பழைய பேரிங்தான் அது.