ஃபாரன்சிக் மெடிசின்: தடய மருத்துவமா, சட்ட மருத்துவமா?

"உடல் பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டது." "தடயவியல் நிபுணர்கள் சம்பவ இடத்தில் தடயங்களைச் சேகரித்தனர்." இந்த இரண்டு வரிகளும் இல்லாமல் நம் செய்தித்தாள்கள் வெளிவரும் நாள் குறைவு. முதல் வரிக்குப் பின்னால் இருப்பவர் மருத்துவர். இரண்டாவது வரியில் வருபவர் பெரும்பாலும் வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ படித்தவர். ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டே இருக்க மாட்டார். ஆனால் ஆங்கிலத்தில் இருவர் துறைக்கும் முன்னால் நிற்பது ஒரே சொல்தான்: ஃபாரன்சிக். அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது கொஞ்சம் தடுமாறியிருக்கிறோம். தடயவியல் மருத்துவம், தடய மருத்துவம், சட்டம் சார்ந்த மருத்துவம், சட்ட மருத்துவம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். இலங்கையில் சட்ட வைத்தியம். எதைப் பிடித்துக்கொள்வது?

வேரிலிருந்து தொடங்கலாம். இலத்தீனில் ஃபோரம் என்றால் ஊர் நடுவே இருந்த பொதுவெளி. பழைய ரோமில் சந்தை கூடியதும் அரசியல் பேசியதும் அங்கேதான், வழக்காடியதும் அங்கேதான். அந்த இடத்தைச் சார்ந்தது ஃபோரென்சிஸ்; அதிலிருந்து ஃபாரன்சிக். ஆக, இந்தச் சொல்லுக்குள் பிணமும் கிடையாது, ரத்தக்கறையும் கிடையாது. வழக்குப் பேசும் இடம் மட்டுமே இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் விவாதப் போட்டிக்கும் ஃபாரன்சிக்ஸ் என்றே பெயர். "பையன் ஃபாரன்சிக்ஸில் பரிசு வாங்கினான்" என்று அங்கிருந்து யாராவது போனில் சொன்னால் இங்கே இருக்கும் பாட்டி பதறித்தான் போவார்.

ஜூலியஸ் சீசரோடு இந்தச் சொல்லை முடிச்சுப் போடும் கதை ஒன்று உண்டு. கி.மு. 44-ல் சீசர் குத்திக் கொல்லப்பட்டபோது அந்திஸ்தியஸ் என்ற மருத்துவர் உடலைப் பார்த்தார். 23 காயங்களில் மார்பில் விழுந்த இரண்டாவது குத்து ஒன்றுதான் உயிரைக் குடித்தது என்றார். இதை எழுதிவைத்தவர் நூறாண்டுக்கு மேல் கழித்து வந்த சுவெட்டோனியஸ். அந்த மருத்துவர் ஃபோரத்தில் நின்று இதை அறிவித்ததால்தான் ஃபாரன்சிக் என்ற சொல்லே பிறந்தது என்று பிற்காலத்தில் ஒட்டவைத்துவிட்டார்கள். மருத்துவர் சொன்னது சுவையான செய்தி, ஒட்டவைத்தது கட்டுக்கதை. ஃபோரத்துக்கு ஃபோரென்சிஸ் சாதாரண இலக்கண வடிவம். அது பிறக்க யாரும் சாக வேண்டியதில்லை.

ஃபோரத்துக்கு நேரான தமிழ்ச் சொல் நம் கையிலேயே இருக்கிறது. மன்றம். மரத்தடியில் ஊர் கூடி வழக்குத் தீர்த்த பொது இடம்தான் மன்று, மன்றம் எல்லாம். நீதிமன்றம் என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மன்றத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசியவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று ஔவையின் நல்வழி சபிக்கிறது. "மன்றோரம் சொன்னார் மனை" என்று முடியும் அந்த வெண்பா. ஆகவே வேர் பார்த்து மொழிபெயர்த்தால் 'மன்ற மருத்துவம்' என்றுதான் வைக்க வேண்டும். வைத்தால் ரசிகர் மன்றம் நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று நினைத்துக்கொள்வார்கள். சொல்லாக்கத்தில் இப்படி வேர் சரியாக இருந்தும் பேர் நிற்காமல் போவது நடப்பதுதான்.

சரி, தடயவியலுக்கு வருவோம். தடம் என்றால் வழி, காலடிச் சுவடு. தடயம் என்றதும் அந்தத் தடம்தான் நம் மனதில் வருகிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் முடி, நூல், தோட்டா, கறை ஆகியவற்றை ஆராயும் அறிவியலுக்கு இது நல்ல பெயர். வேரை மொழிபெயர்க்காமல் வேலையைப் பார்த்து வைத்த பெயர், தைத்த சட்டை போலப் பொருந்துகிறது. தமிழ்நாடு அரசின் துறைக்கும் தடய அறிவியல் துறை என்றே பெயர். அதன் முன்னோடி, 1849-ல் மதராஸ் மாகாணத்தில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகம். ஆர்சனிக்கும் ஊமத்தையும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது பெரிய வேலை. இன்றும் விஷச் சாவு என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை எடுத்து அனுப்புகிறார்கள். காவல் நிலையப் பேச்சில் இதற்கு 'விசரா' என்று பெயர். இவற்றைப் பெரும்பாலும் நிறைவுற்ற உப்புக் கரைசலில்தான் போட்டு அனுப்புவார்கள். நோய் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசு மட்டும் ஃபார்மலினில் போகும். ஃபார்மலினில் போட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும். ஜாடி மாறினால் வழக்கே மாறிப்போகலாம்.

இதே 'தடயவியல்' என்ற ஒட்டை மருத்துவத்துக்கு முன்னால் போடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அந்த மருத்துவர் தடயம் மட்டும் தேடுகிறவர் இல்லை, பிணத்தோடு மட்டும் இருக்கிறவரும் இல்லை. ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று பல்லையும் எலும்பையும் பார்த்துச் சொல்வது, வண்டி ஓட்டியவர் குடித்திருந்தாரா என்று சான்று தருவது, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிப்பது, அடிதடியில் வந்தவரின் காயத்தை அளந்து எழுதுவது, எல்லாம் இந்தத் துறைக்குள் வருகிறது. பார்க்கப்படுபவர்களில் பலர் உயிரோடு, எதிரில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்கள். இத்தனை வேலைகளையும் கட்டிவைக்கும் ஒரே கயிறு சட்டம். எழுதுவது எல்லாம் ஒருநாள் மன்றத்துக்குப் போகும்.

காயத்தைச் சொல்லவந்தால் தமிழின் கை ஓங்கியே இருக்கிறது. வெளியே ரத்தம் வராமல் உள்ளே கன்றிப்போனதற்கு ஊமைக்காயம் என்று பெயர். என்ன அழகான சொல்! வாய் திறக்காத காயம். சட்டத் தமிழில் எலும்பு முறிவு போன்றவற்றுக்குக் கொடுங்காயம். ஆனால் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். தடியால் மண்டையில் அடித்தால் தோல் பிளந்து, பார்ப்பதற்கு அரிவாள் வெட்டு மாதிரியே இருக்கும். ஊரில் இரண்டையும் வெட்டு என்றே சொல்லிவிடுவோம். மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கூர்மையான ஆயுதம் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும். மழுங்கிய ஆயுதம் பிளந்த காயத்தில் இரு கரைகளுக்கும் நடுவே மெல்லிய திசு இழைகள் அறுபடாமல் பாலம் போல நிற்கும். இது வெட்டுக்காயமா கிழிகாயமா என்ற ஒரு சொல்லில், கையில் இருந்தது அரிவாளா கம்பா என்பது முடிவாகிவிடுகிறது.

அடுத்தது ஃபாரன்சிக் பேத்தாலஜி. மருத்துவத்தின் இந்தக் கிளைதான் சாவின் காரணத்தைத் தேடுவது. இதைத் 'தடயவியல் நோயியல்' என்று எழுதுகிறார்கள். கத்திக்குத்து என்ன நோய் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே தப்பு தடயவியலில் இருக்கிறதே தவிர நோயியலில் இல்லை. கிரேக்கத்தில் பேத்தோஸ் என்றால் துன்பம், ஒருவருக்கு நேர்ந்தது, பட்டது. தமிழிலும் நோய் என்பதற்குப் பழைய பொருள் துன்பம்தான். "நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்" என்று குறள் சொல்லும்போது காய்ச்சலையும் சளியையும் சொல்லவில்லை. பிறருக்குச் செய்த தீங்கைச் சொல்கிறது. அந்தப் பொருளில் எடுத்தால், ஒரு உடலுக்கு நேர்ந்த தீங்கைப் படிக்கும் கல்விக்கு நோயியல் அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே சட்ட நோயியல் போதும்.

அப்புறம் போஸ்ட்மார்ட்டம். இலத்தீனில் இதற்கு வெறுமனே 'சாவுக்குப் பின்' என்று அர்த்தம். பரிசோதனை என்ற பகுதி உதிர்ந்துபோய் முன்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதையே குறிக்கும் அட்டாப்சி கிரேக்கச் சொல்: தன் கண்ணாலேயே பார்ப்பது. நம் ஆட்களோ "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். அதில் வரும் மெய்க்கு உடம்பு என்றும் பொருள் இருப்பது இந்தத் துறைக்குக் கிடைத்த இனாம்.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் ஓடுகின்றன. பிரேதப் பரிசோதனையில் வரும் பிரேதம் வடசொல்; புறப்பட்டுப் போனவர் என்பது அதன் மூலப் பொருள். உடற்கூறாய்வு என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உடற்கூறியல் என்றால் அனாட்டமி. மருத்துவ மாணவர் முதலாமாண்டில் படிக்கும் பாடத்தோடு கலந்துவிடும். பிணக்கூறாய்வு தெளிவானது. சிலருக்குப் பிணம் என்ற சொல் கடுமையாகப் படுகிறது, இறந்தவரின் வீட்டார் முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை. அவர்களிடம் 'பாடி' என்ற ஆங்கிலம் மரியாதையாகிவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் கூறு என்ற சொல்லைப் பாருங்கள். கூறுபோடுதல் என்றால் பகுத்தல். கூறுதல் என்றால் சொல்லுதல். உயிரையும் உடலையும் கூறுபடுத்துவதால் எமனுக்குக் கூற்றுவன் என்று பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். மேசையில் கிடப்பவரைப் பகுத்துப் பார்த்து அவர் சொல்ல முடியாததைச் சொல்வதுதான் வேலை என்பதால் எனக்குப் பிணக்கூறாய்வின் மேல் ஒரு சாய்வு உண்டு.

பிணம் என்ற சொல்லைத் திருமூலர் எப்படி வைத்தார் என்பது பலருக்கும் தெரியும்: "பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு." செத்ததும் ஊரார் பெயரை எடுத்துவிடுகிறார்கள். சட்ட மருத்துவர் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 1952 ஆகஸ்டில் இந்தோ-சிலோன் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதே என்று மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி.பி.கோபாலகிருஷ்ணன் உறுதிசெய்தார். பெட்டிக்குள் பிணமாக வந்தவருக்கு ஆளவந்தார் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது.

சென்னைக்கும் இந்தத் துறைக்கும் உறவு அதைவிடப் பழையது. இந்தியாவில் பதிவான முதல் சட்ட மருத்துவப் பிணக்கூறாய்வு என்று பாடநூல்கள் குறிப்பிடுவது, 1693 ஆகஸ்ட் 28-ல் இங்கே எட்வர்ட் பல்க்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் செய்தது. இறந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவுன்சில் உறுப்பினர் வீலர். சந்தேகம் ஆர்சனிக் மேல். ஆர்சனிக் இடித்த உரலிலேயே அவருக்கான மருந்தையும் இடித்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. கழுவாத உரல் ஒன்றில் தொடங்கியிருக்கிறது நம் வரலாறு.

சாவுக்குப் பின் உடலில் வரும் மாற்றங்களுக்கும் இலத்தீன் பெயர்கள் உண்டு. ரிகர் மார்ட்டிஸ் என்ற பிண விறைப்பு அதில் ஒன்று. இமையிலும் தாடையிலும் முதலில் தெரியும், பிறகு உடம்பெங்கும் பரவும், ஒரு நாளுக்கு மேல் போனால் தளரும். வெயில் காலத்தில் எல்லாமே வேகமாக நடக்கும். இது நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிது இல்லை. உயிர் போன கையோடு தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் இணைத்துக் கட்டச் சொல்வது அதனால்தான். விறைத்த பிறகு வாயை மூட முடியாது.

இன்னும் இரண்டு சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. பிண விசாரணை வேறு, பிணக்கூறாய்வு வேறு. முதலாவது காவல்துறையோ நடுவரோ (மாஜிஸ்திரேட்) செய்வது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு காவல்துறைக்கும், 196-ஆம் பிரிவு நடுவருக்கும் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. மருத்துவர் செய்வது இரண்டாவதை. அதேபோல் சாவின் காரணம் வேறு, சாவு நேர்ந்த விதம் வேறு. ரத்தக்குழாய் அறுந்தது காரணம். அது கொலையா, விபத்தா, தானே செய்துகொண்டதா என்பது விதம். 'இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்' என்று எழுதப்பட்ட சான்றிதழ்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவை நிற்காமல் செத்தவர் யார்?

அறிக்கை எழுதிக் கொடுத்ததோடு மருத்துவர் வேலை முடிவதில்லை. கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் இன்றைய சட்டத்தின் 39-ஆம் பிரிவும் அவர் சொல்வதை நிபுணர் கருத்து என்றே அழைக்கின்றன. தீர்ப்பு நீதிபதியுடையது. ஔவை சொன்ன மன்றோரம் இங்கேதான் நேரடியாக வந்து நிற்கிறது. எந்தத் தரப்பு அழைத்ததோ அந்தப் பக்கம் சாயாமல் சொல்வதுதான் கடினம்.

ஆகவே என் கணக்கு இது. ஆய்வகத்துக்குத் தடய அறிவியல், மருத்துவருக்குச் சட்ட மருத்துவம், சாவின் காரணம் தேடும் கிளைக்குச் சட்ட நோயியல், மேசை மேல் நடப்பதற்குப் பிணக்கூறாய்வு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அந்தப் பதவியில் இருப்பவரைப் பல காலமாகவே சட்ட வைத்திய அதிகாரி என்று அழைக்கிறார்கள். நாம் இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பதை அவர்கள் பெயர்ப்பலகையிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.