‘யெஸ்’ எடுத்தவன் எதற்காகக் காத்திருக்கிறான்?

இராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். சூதாட்டப் பழக்கத்தோடு என்னிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் ரம்மி என்பார்கள், இல்லாவிட்டால் கிரிக்கெட் பெட்டிங். இப்போது கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கமிருந்து வரும் பையன்களில் சிலர் வேறொன்றைச் சொல்கிறார்கள். இந்தத் தேதிக்குள் அமெரிக்கா ஈரானைத் தாக்குமா, இஸ்ரேல் லெபனானில் குண்டு போடுமா என்றெல்லாம் கேள்விகள் வருமாம், அதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ எடுத்துப் பணம் வைப்பார்களாம். சூது என்று ஒருவன்கூடச் சொல்வதில்லை, ‘டிரேடிங் மேடம்’ என்கிறான். பையன் ராத்திரியெல்லாம் நியூஸ் பார்க்கிறான், உலக விஷயம் பேசுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பெற்றோரைக்கூடப் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். வந்தவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவற்றில் பெரிய தளம் பாலிமார்க்கெட், 2020ல் அமெரிக்காவில் தொடங்கியது. ‘யெஸ்’ விலை 20 சென்ட் என்றால், அது நடக்க 20 சதவீத வாய்ப்பு இருப்பதாக அங்கே பணம் போட்டவர்கள் நினைக்கிறார்கள் என்று பொருள். நடந்தால் ஒரு டாலர் கிடைக்கும், நடக்காவிட்டால் பூஜ்யம், இடையில் விலை ஏறினால் விற்றுவிட்டு வெளியே வரலாம். இந்த விற்கும் வசதி இருப்பதால்தான் பையன்கள் இதை ஷேர் மார்க்கெட் என்று நம்புகிறார்கள். ஆனால் இந்த மாதிரி ‘ஒப்பீனியன் டிரேடிங்’ தளங்கள் தன் கட்டுப்பாட்டில் வராது, பங்குச் சந்தையில் இருக்கும் பாதுகாப்பு எதுவும் இங்கே கிடையாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2025 ஏப்ரலிலேயே எச்சரித்துவிட்டது.

இந்த யோசனை புதியதும் இல்லை. 2003ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மத்திய கிழக்கில் நடக்கப்போகும் அரசியல் கலவரம், தாக்குதல் போன்றவற்றைக் கணிக்க இப்படி ஒரு சந்தையைத் தொடங்கப் பார்த்தது. விஷயம் வெளியே வந்ததும் ரான் வைடன், பைரன் டார்கன் என்ற இரண்டு செனட்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், உடனே திட்டத்தைக் கைவிட்டார்கள், அதற்குப் பொறுப்பாக இருந்த ஜான் பாயிண்டெக்ஸ்டர் பதவி விலகினார். அன்றைக்கு ஒரு அரசாங்கமே வெட்கப்பட்டு மூடிய காரியம் இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் கையிலுள்ள போனில் இருக்கிறது.

பணம் போவது ஒரு பக்கம். அதைவிட என்னைக் கலங்க வைப்பது வேறு.

கீழக்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், வாப்பா கத்தாரில் சபர், அதாவது வெளிநாட்டு வேலை, வீட்டில் உம்மாவும் லாத்தாவும் (அக்காவும்). 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்களைத் தாக்கிய பிறகு, ஈரான் பதிலுக்கு அமெரிக்கத் தளத்தை அடிக்கும் என்று இவன் ‘யெஸ்’ எடுத்து வைத்திருந்தான். மறுநாள் இரவு, நம் நேரம் பத்து மணி வாக்கில், தோஹாவுக்கு வெளியே இருக்கும் அல் உதெய்த் தளத்தை நோக்கி ஏவுகணைகள் வந்தன, கத்தார் வான்வெளியை மூடியது. உம்மா வாப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார், லைன் கிடைக்கவில்லை, அழுகிறார். இவன் மாடியில் இருந்தான். “வாப்பாக்கு போன் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல மேடம், ரேட் ஏறுதான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றான். வாப்பா பத்திரமாக இருந்தார், அந்தத் தாக்குதலில் அங்கே உயிர்ச்சேதமும் இல்லை. பையன் பணமும் ஜெயித்தான். ஆனால் என்னிடம் வரும்போது அவனுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, உம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பணம் வைத்துவிட்டால் மனது அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, குண்டு விழ வேண்டும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது, அது மெதுவாக நடப்பதால் அவனுக்கே தெரிவதில்லை.

இந்தக் கரையில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததையும், பிறகு ‘கிபிர்’ போர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடியதையும் நேரில் கண்ட பெரியவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். பேரனைக் கூட்டி வந்த ஒரு பாட்டிக்கு இந்தப் பந்தயம் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவனைப் பார்த்து, “அங்க குண்டு விழுந்தா உனக்குக் காசோ?” என்றார். அதற்கு மேல் நான் அவனிடம் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது, ‘நான் அனலைஸ் பண்ணித்தான் எடுக்கிறேன்’ என்ற நம்பிக்கை. டெலிகிராம் குழு, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடம், தூதரக அறிவிப்பு என்று நாள் பூராவும் பார்க்கிறார்கள், உண்மையிலேயே நிறையத் தெரிந்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் யார்? 2026 ஜனவரியில் வெனிசுவேலா அதிபர் மதுரோவை அமெரிக்கப் படை பிடித்துக்கொண்டு போனபோது, அதற்குச் சற்று முன்னால் பணம் வைத்த ஒரு புதிய கணக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் அள்ளியது, உள்ளே இருந்து தகவல் தெரிந்தவர்தானோ என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே நடந்தது. ராணுவ ரகசியத்தை வைத்து இதே மாதிரி பந்தயம் கட்டியதாக இஸ்ரேலில் ரிசர்வ் படைவீரர் ஒருவர் மீது வழக்கும் வந்தது. குண்டு எப்போது விழும் என்று தெரிந்தவனோடு மோதிக்கொண்டு, தொண்டியில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து என்ன செய்ய?

சரி, கணிப்பு பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் தீர்ப்பு நம் கையில் இல்லை. பல பந்தயங்களில் இடைமறித்து அழித்த ஏவுகணை தாக்குதல் கணக்கில் சேராது. கெடு பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு, அதாவது நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை, பத்தரை, அதுவரை பையன் தூங்க மாட்டான். தகராறு வந்தால் யூஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 2025ல் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி கோட் சூட் போட்டாரா இல்லையா என்ற பந்தயத்தில் 20 கோடி டாலருக்கு மேல் புரண்டது, அவர் போட்டிருந்தது சூட்தான் என்று பலர் சத்தம் போட்டும் தீர்ப்பு ‘நோ’ என்றுதான் வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் வேலை இருக்காது, நிவாரணப் பணமோ கடனோ கொஞ்சம் இருக்கும். அந்த நேரத்தில்தான் படகுத் தொழிலில் இருக்கும் வாலிபர்கள் இதில் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன், வலை, இன்ஜினுக்கு என்று வாங்கிய வட்டிப் பணம் அப்படியே போயிருக்கும்.

இன்னொரு ஆபத்து, இந்தத் தளத்தில் ரூபாய் செல்லாது, கிரிப்டோ வேண்டும். ஜெயித்ததை ரூபாயாக்க முகம் தெரியாதவரிடம் விற்கிறார்கள். அவர் அனுப்பும் பணம் எங்கோ சைபர் மோசடியில் பறித்ததாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸ் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். அப்பா சம்பளம் அனுப்பும் கணக்காக அது இருந்தால் குடும்பமே நின்றுபோகும். சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025ல் வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் முழுவதையும் தடை செய்து, நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். இன்னொரு போன் எப்படியும் வந்துவிடும், உங்களிடம் பேசுவது மட்டும் நின்றுபோகும். கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று ஒரு தாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது, அதற்காகத் திட்டாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் நீங்களே ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள், கடன் தீர்ந்ததும் திரும்ப ஆடப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவரே சம்பாதித்து மாதாமாதம் கட்டட்டும், கணக்கும் ஏடிஎம் கார்டும் கொஞ்ச நாள் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். கடன் பெரிதாக இருந்து ஆள் பேசாமல் ஒதுங்கினால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சூதாட்ட அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட நோய், சிகிச்சை உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரலாம், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், பணமோசடி சேர்ந்திருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள்.