கவர் இல்லாமலே வரும் மௌனம்

கடந்த வாரம் ஓர் இளம் நிருபர் அனுப்பிய கட்டுரையின் ஐந்தாவது பத்தி, பக்கம் அச்சுக்குப் போனபோது அதில் இல்லை. பெயர் பெற்ற கால்பந்துக் கிளப் ஒன்றின் இளையோர் அணிக்கு வேலை செய்யும் பிசியோ (உடலியக்கச் சிகிச்சை) உதவியாளர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதுதான் அந்தப் பத்தி. மூன்று பேர் தனித்தனியே உறுதி செய்திருந்தார்கள். வங்கிக் கணக்கின் படத்தையும் நிருபர் இணைத்திருந்தார். "கிளப்பின் விளக்கம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எங்கள் விளையாட்டுப் பிரிவில் முடிவாயிற்று. இதே செய்தி ஒரு சின்னக் கிளப்பைப் பற்றியதாக இருந்திருந்தால், விளக்கம் கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்து அன்றைக்கே வெளியிட்டிருப்போம். நீண்ட காலமாக இந்த மேசையில் செய்தி திருத்தும் துணையாசிரியர் என்ற முறையில், இப்படி நின்றுபோன பத்திகளுக்கு நான் கணக்கு வைப்பதில்லை. இது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இப்படி ஏதாவது வெளியே தெரிந்தால் வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கவர் வாங்கினீர்கள்?" என்பதுதான். கவர் என்றால் உறைக்குள் வைத்துத் தரும் லஞ்சம். இந்தக் கேள்வி என்னை எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அது எங்களை அவமதிக்கிறது என்பதன்று. நோயைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பதே. கவர் கொடுத்தால் கொடுத்தவர், வாங்கியவர், தொகை என்று ஒரு தடயம் இருக்கும், என்றாவது பிடிபடும். பெரிய கிளப்புக்கு அந்தச் சிரமம் தேவையே இல்லை. அதன் கையில் இருப்பவை அங்கீகார அட்டை, மைதானத்தில் செய்தியாளர்கள் அமரும் பிரஸ் பாக்ஸில் ஒரு நாற்காலி, செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பு, நட்சத்திர வீரரோடு இருபது நிமிடப் பேட்டி ஆகியவை. அந்த ஒரே கிளப்பைப் பற்றி அன்றாடம் எழுதுவதே வேலையாகக் கொண்ட நிருபருக்கு இவை போனால் பிழைப்பே போயிற்று. யாரும் மிரட்டுவதில்லை. கிளப்பின் ஊடகப் பொறுப்பாளர் ஒருநாள் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால் போதும். மறுநாள் நிருபரே தன் பத்தியைத் தானே வெட்டிக்கொண்டு வருவார். வெட்டியது நானல்ல, அவரும் அல்ல, கிளப்பும் அல்ல என்ற நிலையில் யார்மீது புகார் கொடுப்பீர்கள்?

இது என் கற்பனையன்று. தம் மகனைப் பற்றி பிபிசி 2004-இல் ஒளிபரப்பிய ஆவணப்படத்துக்காக, இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2011 வரை அந்நிறுவனத்துக்குப் பேட்டி தர மறுத்தார். அதுவரை கேமரா முன் வந்து நின்றவர்கள் அவருடைய உதவியாளர்கள். ரசிகர்களின் எதிர்ப்புப் பேரணியைப் பற்றி எழுதியதற்காக 2013-இல் நியூகாசில் யுனைடெட், தன் சொந்த நகரத்துச் செய்தித்தாள்களையே உள்ளே விடவில்லை. 2023 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளரின் செய்தியாளர் சந்திப்பிலிருந்து சில ஊடகங்கள் விலக்கப்பட்டன. வீரர்களின் அதிருப்தி பற்றிய செய்தி பொய் என்பதைக் காட்டிலும், வெளியிடும் முன் தங்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்பதே கிளப் முதன்மையாகச் சொன்ன காரணம். ஒளிபரப்பு உரிமைக்குப் பெரும்பணம் கொட்டிய தொலைக்காட்சியின் நிலையைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? தான் விற்கும் சரக்கைத் தானே குறை சொல்லும் கடைக்காரர் அரிது.

அதனால்தான் கனமான செய்திகள் பெரும்பாலும் பிரஸ் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வருகின்றன. மான்செஸ்டர் சிட்டியின் நிதிக் கணக்குகள் குறித்த உள்ளாவணங்களை 2018 நவம்பரில் வெளியிட்டது டெர் ஷ்பீகல் என்ற ஜெர்மானிய வார இதழ். மான்செஸ்டரில் ஒரு நாற்காலி போய்விடுமே என்று அஞ்ச வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதன் பின் 2020 பிப்ரவரியில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ, ஐரோப்பியப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று விதித்த இரண்டு ஆண்டுத் தடையை அதே ஆண்டு ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நீக்கி, 3 கோடி யூரோ அபராதத்தை 1 கோடியாகக் குறைத்தது என்பதையும், கிளப் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விமர்சனம் என்றால் தீர்ப்பு என்று பொருளில்லை. கேள்வியாவது எழுந்ததே என்பதுதான் என் பேச்சு.

வாசகர்களே, வினைச்சொற்களைக் கவனியுங்கள். சின்னக் கிளப் தோற்றால் ‘சரணடைந்தது’ என்று எழுதுவோம். பெரிய கிளப் தோற்றால் ‘அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை’ என்போம். இந்த இரண்டாவது வாக்கியத்தை நானே எத்தனையோ முறை அனுமதித்திருக்கிறேன். ‘கிளப் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று வந்தால், அதைச் சொன்னதால் யாருக்கு ஆதாயம் என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள். பிரத்தியேகப் பேட்டியில் வாசகர் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லையென்றால், அதை விளம்பரத்தோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்று: உங்கள் கிளப்பைக் குறை சொன்ன நிருபரை இரவெல்லாம் வசைபாடிவிட்டு, காலையில் வந்து ஊடகம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்காதீர்கள். ஊடகப் பொறுப்பாளரின் வேலையில் பாதியைச் சம்பளமில்லாமல் நீங்கள்தான் செய்து கொடுக்கிறீர்கள்.

பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளப்பை அன்றாடம் பின்தொடரும் நிருபரிடமே அந்தக் கிளப்பின் கணக்கு வழக்கையும் ஆராயச் சொல்லாதீர்கள். அந்த வேலையைப் பொதுச் செய்திப் பிரிவில் ஒருவருக்குக் கொடுங்கள். விளக்கம் கேட்டால் நாளும் மணியும் குறித்துக் கேளுங்கள். கெடு முடிந்ததும் வந்ததை வைத்து, வராவிட்டால் வரவில்லை என்று எழுதி வெளியிடுங்கள். நாம் கேட்ட விளக்கத்துக்குக் கெடு எதுவும் குறிக்கவில்லை. ஐந்தாவது பத்தி இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. அந்த இளம் நிருபர் நேற்று அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.