எக்கோ நார்மல்தான், ஆனாலும் பந்தைத் தொடக் கூடாது

போன வாரம் மறுபடியும் ஒரு அப்பா. பையனுக்குப் பதினாறு வயது. ஃபைசர் கோவிட் ஊசி போட்ட மூன்றாம் நாள் நெஞ்சுவலி, ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் கசியும் புரதம்) ஏறியிருந்தது. ஊசிக்குப் பின் அரிதாக வரும் இதயத் தசை அழற்சி, மயோகார்டைட்டிஸ். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போய் ஐந்தே வாரத்தில் சாக்கர் பிராக்டிஸ். "எக்கோ நார்மல்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

சொன்னேன். அதோடு ஆறு மாதம் விளையாடக் கூடாது என்றும் சொன்னேன். அது மட்டும் எந்த வீட்டிலும் காதில் விழுவதில்லை.

அமெரிக்காவில் குழந்தைகள் இதய மருத்துவம் பார்க்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இந்த ஒரு விஷயத்தையாவது புரியவைத்துவிட வேண்டும். எக்கோ என்பது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்; இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைத்தான் அது காட்டும். சுவர் நிமிர்ந்து நிற்கிறதா என்று தெருவிலிருந்து பார்ப்பது மாதிரி. உள்ளே ஈரம் ஊறியிருந்தால் தெரியாது. அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால், அடிபட்ட தசையில் அது தேங்கி வெள்ளையாகத் தெரியும். இந்தப் பையன்களுக்குப் பெரும்பாலும் இடது கீழறைச் சுவரின் வெளி ஓரத்தில். மாரடைப்பு என்றால் உள் ஓரத்தில் தொடங்கும். படத்தைப் பார்த்ததும் நாங்கள் முதலில் தேடுவது அந்த வித்தியாசத்தைத்தான்.

சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் 2022 ஆய்வில், 3 முதல் 8 மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்த 16 பேரில் 11 பேருக்கு அந்த வெள்ளை இன்னும் இருந்தது. அளவு குறைந்திருந்தது, சுருங்கும் திறனும் நன்றாகவே இருந்தது. ஆனால் இருந்தது! வலி போன பிள்ளை, எக்கோ நார்மலான பிள்ளை, உள்ளே ஆறாத தசையோடு தொண்ணூறு நிமிடம் ஓடினால் இதயத் துடிப்பு தாளம் தவறலாம். எங்கள் பயம் அதுதான்.

கோவிட் ஊசி பற்றி ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பும் வீடியோக்களை இதோடு குழப்பாதீர்கள். இந்தியாவில் பதின்வயதினருக்குப் போட்டது கோவேக்சினும் கோர்பெவாக்ஸும். நான் சொல்வது ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளைப் பற்றி. அதிலும் இது அரிது: 12 முதல் 24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 27 பேர் என்று 2025-இல் ஊசியின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே சேர்த்தார்கள். கோவிட் கிருமியாலும் இதயத் தசையில் அழற்சி வரும், அதையும் மறக்க வேண்டாம்.

ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் பிள்ளை நெஞ்சைப் பிடித்தால் கேஸ் என்று சோடா கொடுக்காதீர்கள். எமர்ஜென்சிக்குப் போங்கள், ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள், இ.சி.ஜி.யும் டிரோபோனினும் பார்க்கச் சொல்லுங்கள். இதய அழற்சி என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் சாக்கர், நீச்சல் போட்டி, ஜிம், எதுவும் கிடையாது. பள்ளிக்கூட பி.இ. வகுப்பும் இதில் சேர்த்தி. திரும்ப மைதானத்தில் இறங்குமுன் ஹோல்ட்டர் (உடலில் மாட்டிக்கொண்டே நாள் முழுக்க எடுக்கும் இ.சி.ஜி.), டிரெட்மில் பரிசோதனை, தேவைப்பட்டால் இன்னொரு எம்.ஆர்.ஐ. முடித்தாக வேண்டும்.

அம்மாக்களே, டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இந்த வயதுப் பையன்கள் வலியை மறைப்பார்கள். அதட்டாமல் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்தப் பையனுக்கு ஏப்ரலில் அடுத்த எம்.ஆர்.ஐ. கோச்சுக்குக் கடிதம் எழுதி, இந்த முறை அப்பாவிடம் கொடுக்காமல் நானே அனுப்பிவிட்டேன்.