உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருளை யார் பராமரிக்கிறார்கள்?

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதும் அவற்றின் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்வதும் என் தொழில். என்னிடம் வருபவை பெரும்பாலும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள்: நூற்பாலை, மருந்து மொத்த வியாபாரம், பம்ப் தயாரிப்பு, ஓரிரு மென்பொருள் கம்பெனிகள். ஃபயர்வால் போட்டாச்சா, ஆன்டிவைரஸ் இருக்கா, பேக்கப் ஓடுதா என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இந்த சர்வரில் இருக்கும் மென்பொருட்களை யார் எழுதினார்கள், இப்போதும் அவற்றை யாராவது கவனித்துக்கொள்கிறார்களா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அதையும் கேட்டே ஆக வேண்டும் என்று 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சம்பவம் உணர்த்தியது. துறைக்குள் இருப்பவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நிறுவனம் நடத்துபவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். அதன் லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருட்கள் தங்களுக்குள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் இருக்கிறது. பேக்கேஜ்களை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருட்களை) சுருக்குவதிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னல் வரை பல இடங்களில் அது பயன்படுகிறது. உருவத்தில் சின்னது, ஆனால் தேருக்கு அச்சாணி மாதிரி. இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின். சம்பளம் கிடையாது. சொந்த நேரத்தில் செய்த வேலை.

2021 இறுதியில் "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் இந்தத் திட்டத்துக்குச் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார். ஒழுங்கான, பயனுள்ள திருத்தங்கள். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, உங்களுக்கு அக்கறை போய்விட்டது, வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நச்சரிப்பு. காலின் பொதுவெளியிலேயே பதில் சொன்னார்: ஆர்வம் போகவில்லை, நீண்டகால மன நலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. அதற்குப் பிறகும் நெருக்கடி ஓயவில்லை. சோர்ந்துபோயிருந்த மனிதருக்குப் பக்கத்தில் பொறுமையாக வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் ஜியா டான். நாளாக ஆக அவர் கைக்கு அதிகாரம் வந்தது. வெளியீடுகளைத் தயாரிக்கும் பொறுப்பும் வந்தது. நச்சரித்த அந்தப் பெயர்கள் அதன் பிறகு காணாமல் போய்விட்டன. எல்லாம் ஒரே கூட்டத்தின் வேலை என்றே பாதுகாப்பு வல்லுநர்கள் கருதுகிறார்கள். ஜியா டான் உண்மையில் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 பதிப்பு வந்தது. மார்ச் 9 அன்று 5.6.1. இரண்டிலும் பின்வாசல், அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வைத்த ரகசிய வழி, இருந்தது. அதை ஒளித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தீய நிரல், சோதனைக்காக வைத்திருக்கும் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. சுருக்கும் மென்பொருளைச் சோதிக்கச் சிதைந்த கோப்புகளை வைத்திருப்பது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் கோப்புகளைத் திறந்து நிரலை வெளியே எடுக்கும் சிறு துண்டு, நிரலை எல்லோரும் பார்க்கும் பொது இடமான கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிக் கொடுக்கும் டார்பால் என்ற சுருக்கிய கோப்பில் மட்டும் இருந்தது. "ஓப்பன் சோர்ஸ்தானே, நிரலை ஆயிரம் பேர் பார்ப்பார்கள்" என்ற நம்பிக்கைக்கு இது சரியான அடி. ஆயிரம் பேர் பார்க்கும் இடம் ஒன்று, நம் சர்வருக்கு வந்து சேரும் பொருள் இன்னொன்று.

சரி, சுருக்கும் மென்பொருளை வைத்து என்ன செய்ய முடியும்? சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய நாம் பயன்படுத்துவது எஸ்எஸ்ஹெச். அதற்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் நேரடியாக எக்ஸ்இசட் லைப்ரரியைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் லினக்ஸைத் தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள், எஸ்எஸ்ஹெச் சேவை தொடங்கிவிட்டது என்ற தகவலை, சர்வரின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக அதில் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தன. அந்த மாற்றம் சிஸ்டம்டியின் லைப்ரரியை உள்ளே இழுத்தது. சிஸ்டம்டியின் லைப்ரரி எக்ஸ்இசட்டை இழுத்தது. ஒரு சின்னத் தகவல் வசதிக்காக உலகத்தின் மிக முக்கியமான நுழைவாசலுக்குள், சம்பளமில்லாத ஒருவர் பராமரிக்கும் லைப்ரரி வந்து உட்கார்ந்துவிட்டது. தாக்கியவர்கள் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எஸ்எஸ்ஹெச் சாவியைச் சரிபார்க்கும் செயல்பாட்டையே மாற்றி, தங்களிடம் உள்ள ரகசியச் சாவி வந்தால் மட்டும் எந்தக் கட்டளையையும் நிறைவேற்றும்படி செய்திருந்தார்கள். பாஸ்வேர்டு தேவையில்லை. சர்வர் முழுவதும் அவர்கள் கையில்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் நிரலாளர். பாதுகாப்பு ஆய்வு அவர் வேலை அல்ல. டேட்டாபேஸ் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் வழக்கத்துக்கு மேல் பிராசசரைத் தின்பதைக் கவனித்தார். முன்பு 0.3 நொடியில் முடிந்த லாகின், 0.8 நொடி எடுத்தது. அரை நொடி வித்தியாசம். சில வாரங்களுக்கு முன், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் கருவி காட்டிய விநோதமான பிழைச் செய்தியும் அவர் நினைவுக்கு வந்தது. விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளி அன்று அவர் உலகுக்கு அறிவித்தபோது இந்தியாவில் இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-3094 என்று எண் கொடுக்கப்பட்டு, ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று குறிக்கப்பட்டது.

அப்போது அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வரவிருந்த பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் போன்றவற்றில்தான் நுழைந்திருந்தது. நிறுவனங்கள் ஓட்டும் நிலையான பதிப்புகளுக்குள் வரவில்லை. இன்னும் சில மாதங்கள் கழிந்திருந்தால் வந்திருக்கும். புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜியா டான் விநியோகங்களிடம் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

அந்த வாரக் கடைசியிலும் அடுத்து வந்த நாட்களிலும் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வி: "சார், நம்மகிட்ட அது இருக்கா?" நிலையான டெபியனும் உபுண்டுவும் ஓட்டியவர்களுக்கு உடனே இல்லை என்று சொல்ல முடிந்தது. சிக்கல் மற்ற இடங்களில்தான். டெவலப்பர்கள் எப்போதோ இறக்கி வைத்த டாக்கர் இமேஜ்கள் (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்புகள்), வெண்டர் பூட்டிக் கொடுத்த பெட்டிகள், யார் நிறுவினார்கள் என்றே தெரியாத பழைய மெஷின்கள். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்த ஒரு தாள்கூடப் பல இடங்களில் கிடையாது. இது சும்மா சொல்லும் பயம் அல்ல. அந்த இமேஜ்களைப் பகிரும் தளமான டாக்கர் ஹப்பில் இந்தப் பின்வாசல் உள்ள சில டெபியன் இமேஜ்கள் 2025 ஆகஸ்டிலும் கிடைத்துக்கொண்டிருந்ததை பைனார்லி நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிவந்தபோதும் இதே கதைதான். ஜாவா மென்பொருட்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி அது. தங்களிடம் ஜாவாவே இல்லை என்று சொன்ன இடங்களில் பில்லிங் மென்பொருளுக்குள்ளும், ரிப்போர்ட் எடுக்கும் கருவிக்குள்ளும் அது ஒளிந்திருந்தது. வெண்டரைக் கேட்டால் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள். பார்க்க அவர்களிடமும் பட்டியல் இல்லை.

அதனால் நான் போகும் இடங்களில் முதலில் செய்யச் சொல்வது பட்டியல். எந்த மெஷினில் எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு. எஸ்பிஓஎம் என்று சொல்வது இதைத்தான். சிஃப்ட் போன்ற இலவசக் கருவிகள் ஒரு டாக்கர் இமேஜுக்குள் இருப்பதைச் சில நிமிடங்களில் எடுத்துக் கொடுத்துவிடும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, 2025 ஜூலையில் அதை விரிவாக்கியது. பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு ஆணையும் இருக்கிறது. என்ன ஓடுகிறது என்றே தெரியாத நிறுவனம் 6 மணி நேரத்தில் எதைச் சொல்லும்?

இரண்டாவது, எஸ்எஸ்ஹெச் கதவை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் வழியாக மட்டும், அல்லது குறிப்பிட்ட ஐபி முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். எக்ஸ்இசட் பின்வாசல் உங்கள் சர்வரில் இருந்திருந்தாலும், எட்ட முடியாத கதவைத் தாக்குபவரால் தட்ட முடியாது. பைசா செலவில்லாத வேலை இது. நான் சோதிக்கும் இடங்களில் இன்னும் பாதிப் பேர்கூட இதைச் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மென்பொருள் எழுதும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 8 அன்று, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் இறக்கப்படும் பேக்கேஜ்கள் அவை. அவற்றைப் பராமரித்தவருக்கு வந்த ஒரு போலி மின்னஞ்சல்தான் காரணம். உங்கள் இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பியுங்கள், இல்லையேல் கணக்கு முடக்கப்படும் என்ற மிரட்டல். உண்மையான தளம் மாதிரியே பெயர், கடைசியில் மட்டும் "டாட் ஹெல்ப்". ஓரிரு மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் தானாகவே புதிய பதிப்பை இழுத்த பில்டுகள் (மென்பொருளைத் தொகுத்து உருவாக்கும் வேலைகள்) மாட்டிக்கொண்டன. அடுத்த வாரமே ஷாய்-ஹுலுட் என்ற புழு, திருடிய கணக்குகள் வழியாகத் தானே பரவி நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களைக் கெடுத்தது.

இந்த வகைத் தாக்குதலுக்கு எளிய தடுப்பு உண்டு. எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று குறித்து வைத்திருக்கும் லாக் ஃபைலை மதித்து பில்ட் செய்யுங்கள். வெளிவந்து சில நாட்கள் ஆகாத பதிப்பை எடுக்காதீர்கள். என்பிஎம் பேக்கேஜ்களை நிறுவும் பிஎன்பிஎம் கருவி அதற்கென்றே ஒரு அமைப்பைக் கொண்டுவந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தாமதிக்காமல் போடுங்கள். அப்புறம், வெளியீடு செய்யும் கணக்குகளுக்கு ஓடிபி போதாது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வையுங்கள். போலித் தளத்தில் ஓடிபியை நாம் தட்டிவிடுவோம். பாஸ்கீ அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்து, வேலை செய்ய மறுத்துவிடும்.

இதெல்லாம் நம் பக்கத்துக் காவல். எழுதிக் கொடுப்பவர்களின் நிலைமை மாறாமல் இதற்கு முடிவில்லை. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று தெரிந்து உலகம் அதிர்ந்தது. அதன் பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பணம் வந்தது. மற்றப் பல திட்டங்களுக்கு வரவில்லை. 2025 ஜூனில், எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியின் பராமரிப்பாளர், பாதுகாப்புப் புகார்களை இனி ரகசியமாக வைத்து முன்னுரிமை கொடுக்க முடியாது, சாதாரணப் பிழைகளாகவே பார்ப்பேன் என்று அறிவித்தார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன, உழைப்பு ஒரு தன்னார்வலருடையது. அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பல சர்வர்களில் மென்பொருட்களை ஒருங்கிணைத்து ஓட்டும் குபர்நெட்டீஸ் உலகில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்ப எத்தனையோ பேர் நம்பியிருந்த இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் 2026 மார்ச்சோடு நிறுத்தப்படும் என்று 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பல ஆண்டுகளாக ஒருவரோ இருவரோ வேலை நேரம் முடிந்த பிறகும் வார இறுதியிலும் உட்கார்ந்து அதைக் கவனித்து வந்திருக்கிறார்கள். இணையம் வழியாகத் தரவை அனுப்பி வாங்கும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய பொய்யான ஓட்டைப் புகார்களைப் படித்துப் படித்து நொந்துபோய், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குக் கொடுத்த பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரி இறுதியோடு நிறுத்தினார். பரிசு ஆசையில் ஏஐ தந்ததைச் சரிபார்க்காமல் அனுப்பும் மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு பொய்ப் புகாரும் அந்த மனிதர்களின் ஒரு மாலை நேரத்தைத் தின்கிறது.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்க வேண்டும். பெங்களூருவின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கட்டற்ற (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருட்களுக்கு என்று ஒதுக்கி ஒரு நிதியைத் தொடங்கியது. எல்லோராலும் அந்த அளவு முடியாது. உங்கள் தொழில் நம்பியிருக்கும் இரண்டு திட்டங்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஒரு தொகை அனுப்ப, பெரும்பாலான நிறுவனங்களால் முடியும். பணம் இல்லை என்றால் ஆவணம் எழுதலாம், பிழையைச் சரியாக மறுபடி உருவாக்கிக் காட்டலாம். எதுவும் முடியாவிட்டாலும், எப்போது சரி செய்வீர்கள் என்று அதட்டாமல் இருக்கலாம். காலினுக்கு வந்த கடிதங்களின் தொனியில் நம் ஊர்ப் பிள்ளைகளும் கிட்ஹப்பில் எழுதுவதைப் பார்க்கிறேன்.

ஐரோப்பாவுக்கு மென்பொருளோ மென்பொருள் அடங்கிய கருவிகளோ விற்கும் நிறுவனங்களுக்கு, உள்ளே இருக்கும் மென்பொருளைக் கவனித்துக்கொள்வது இனி சட்டக் கடமையும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி, தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டையை அறிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்ற விதி 2026 செப்டம்பர் 11 முதல் நடைமுறை. மற்றக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். உள்ளே இருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு.

உள்ளூரில் மட்டும் தொழில் செய்பவர்கள் அடுத்த முறை வெண்டரின் ஏஎம்சி புதுப்பிக்க வரும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மென்பொருளுக்குள் இருக்கும் லைப்ரரிகளின் பட்டியல், அவற்றில் ஓட்டை வெளியானால் எத்தனை நாளில் திருத்தம் தருவார்கள் என்ற உறுதி. தர மறுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.