சந்தேகம் வந்தால் ஒற்றெழுத்தைப் போட்டுவிடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, தன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கக் கொடுத்தார். 300 அட்டை, ஒரு பக்கம் படம், மறுபக்கம் வாசகம். வாசகம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்தது. நாலே வரி. அதில் 'பாசமிகுத் தந்தை', 'ஆழ்ந்தத் துயரத்துடன்', 'கலந்துக்கொண்டு' என்று மூன்று இடங்களில் வேண்டாத ஒற்று, அதாவது இரண்டு சொற்களுக்கு நடுவில் வரும் க், ச், த், ப். எடுத்துவிட்டு மெய்ப்பை (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் படியை) அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவு வருகிறது: "அக்கா, பெரியப்பா பார்த்தாங்க. மூணு எடத்துல எழுத்து விட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. நானே போட்டு அனுப்பிட்டேன், காலையில அடிச்சிடுங்க."

அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் இலக்கணம் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு கோயில் அழைப்பிதழ், அதற்கும் முன்னால் ஒரு பள்ளியின் ஆண்டு மலர், எல்லாவற்றிலும் இதே கதைதான். கோலாலம்பூர், செந்தூலில் உட்கார்ந்து 20 வருடமாகப் பிழை திருத்துகிறேன். விட்டுப்போன ஒற்றைச் சேர்ப்பதுதான் முன்பெல்லாம் வேலை. இப்போது பாதி நேரம் களை எடுப்பதுபோல் ஒற்றைப் பிடுங்குவதிலேயே போகிறது.

ஒற்றை விட்டால்தான் பிழை, கூடுதலாகப் போட்டால் பிழையில்லை, கொஞ்சம் 'நல்ல தமிழாக'க்கூட இருக்கும் என்று யாரோ ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களே, "சந்தேகமா இருந்தா போட்டுடுங்க அக்கா, ஒன்னும் தப்பாயிடாது" என்கிறார்கள். தப்பாகும். வேண்டிய இடத்தில் ஒற்று இல்லாததும் வேண்டாத இடத்தில் இருப்பதும் ஒரே எடைதான். அலங்காரத்துக்கு வைக்கிற சந்தனப் பொட்டா அது? இரண்டு சொற்களுக்கு நடுவில் என்ன உறவு என்று காட்டுவது அதன் வேலை. 'தமிழ் பேசு' என்றால் தமிழைப் பேசு. அந்த 'ஐ' ஒளிந்திருக்கிறது, ஒற்று வராது. 'தமிழ்ப் பேச்சு' என்றால் தமிழில் அமைந்த பேச்சு. ஒற்று வந்தாக வேண்டும். 'வெற்றிலை பாக்கு' இரண்டு பொருள்கள், தட்டில் தனித்தனியாக இருப்பவை. சீர்வரிசைப் பட்டியலில் 'வெற்றிலைப் பாக்கு' என்று எழுதினால் ஏதோ வெற்றிலையில் காய்த்த பாக்கு என்றாகிறது. 'தாலி கட்டும் நேரம்' என்பதைத் 'தாலிக்கட்டும் நேரம்' ஆக்கிய கல்யாண அட்டைகளை எண்ணி மாளாது.

இந்தப் பழக்கத்துக்கு முதல் காரணம் நம் வாய். பேசும்போது 'கலந்துக்கிட்டோம்', 'செஞ்சுக்கலாம்' என்கிறோம். அந்த 'க்' அப்படியே எழுத்துக்கு ஏறிவிடுகிறது. எல்லா அழைப்பிதழ்களிலும் வரும் கடைசி வரியைப் பாருங்கள்: 'கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' 'கொள்' என்ற அதே வினை ஒரே வரியில் இரண்டு முறை. முதலாவதற்கு முன் 'க்' இல்லை, இரண்டாவதற்கு முன் உண்டு. ஏன்? 'கேட்டு' என்பதன் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்பது 'ட்', வல்லினம். அதனால் மிகும். எடுத்துக்கொள், கற்றுக்கொள் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். 'கலந்து' என்பதில் 'ந்', மெல்லினம். மிகாது. கண்டுகொள், சென்றுகொண்டிரு, 'ய்' வரும் செய்துகொள், இவற்றிலும் மிகாது. இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒருமுறை 'க்'கைச் சரியாக விட்டுவிட்டு 'கலந்து கொல்லுமாறு' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கைப்பேசி அதைத் தடுக்கவில்லை. கொல் என்பதும் சொல்தானே! ல, ள, ழ பக்கம் போனால் நான் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

அடுத்த காரணம் 'அந்த, இந்த, எந்த'. 'அந்தப் பள்ளி', 'இந்தக் கோயில்' என்று ஒற்று மிகும். 'வரச் சொன்னார்' என்பதிலும் மிகும். உடனே அகரத்தில் முடிகிற எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள்: நல்லப் பாடல், பெரியக் கோயில், பலத் தலைவர்கள். ஐப்பசி வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து ஜாலான் துன் சம்பந்தனில் 'இனியத் தீபாவளி' தொங்குகிறது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் கோலாலம்பூர் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பதாகையில் 'சிறந்தப் பேச்சாளர்' என்று இருக்கிறது. நல்ல, பெரிய, இனிய, சிறந்த, ஆழ்ந்த, மதிப்பிற்குரிய இவையெல்லாம் பெயரெச்சங்கள், பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்பவை. பின்னால் ஒற்று வேண்டாம். 'வந்தப் பையன்' என்று எழுதினால் கண்ணை உறுத்துகிறதல்லவா? 'ஆழ்ந்தத் துயரம்' அதே உறுத்தல்தான். பல, சில என்பவற்றுக்கும் ஒற்று கிடையாது.

நினைவஞ்சலி எழுதுவோருக்குத் தனியாக ஒன்று. 'அழியாத புகழ்' என்றால் ஒற்று இல்லை. அந்த 'த'வை வெட்டி 'அழியா' என்று நிறுத்தினால் மட்டும் 'அழியாப் புகழ்'. இரண்டையும் கலந்து 'அழியாதப் புகழ்' என்று எழுதாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அப்புறம் அந்தப் 'பாசமிகு தந்தை'. 'மிகு' என்பது வினை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி நேராகச் சேரும், நடுவில் ஒற்று வராது. 'அன்பு' பெயர்ச்சொல், ஆகவே 'அன்புத் தந்தை'. பெரியப்பா இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

தைப்பூசம் நெருங்கினால் 'பால்க்குடம்' புறப்பட்டுவிடும். இன்றைய தமிழ்ச் சொல்லில் ல், ள், ண், ன் இவற்றை அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது. ய், ர், ழ் மூன்றுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை: தாய்ப்பால், ஊர்க்காரர், தமிழ்ப்பள்ளி. (பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இரவல் பெயர்களை விடுங்கள், அது வேறு வழக்கு.) பால்குடம் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் பாற்குடம்.

இத்தனையும் இருக்க, எனக்கு வருகிற அழைப்பெல்லாம் எதற்கு? 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?' 'க்' போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்ற பழைய வேடிக்கையையும் சொல்லிச் சிரிப்பார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் போய் எவ்வளவோ காலமாயிற்று, இந்த வேடிக்கை மட்டும் போகமாட்டேன் என்கிறது. 'கள்' இங்கே வெறும் பன்மை விகுதி என்பதால் நான் 'வாழ்த்துகள்' என்றே போடுகிறேன். 'க்' இருந்தே தீர வேண்டும் என்பவரோடு சண்டை போடுவதில்லை. ஆனால் அதே ஆண்டு மலரில் 'பரிசுகள் வழங்கப்பட்டது' என்று இருக்கும், 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று இருக்கும். அதை ஒருவரும் கேட்பதில்லை. வழங்கப்பட்டன. ஒவ்வொரு மாணவரும்.

மலாய் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துத் தமிழாக்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஜாலான் என்றாலே சாலை, பூலாவ் என்றாலே தீவு. 'ஜாலான் ஈப்போ சாலை', 'பூலாவ் பினாங்குத் தீவு' என்றெல்லாம் இரண்டு தடவை சொல்ல வேண்டாம். மலாயில் 'டான்' வருகிற இடத்திலெல்லாம் 'மற்றும்' வைக்கவும் வேண்டாம். நமக்கு 'உம்' எதற்கு இருக்கிறது?

சரி, அச்சுக்குக் கொடுப்பவர்களுக்கு. வாசகத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டு ஆளுக்கு ஓர் ஒற்றைச் சேர்க்காதீர்கள். கடைசி முடிவை ஒருவர் கையில் விடுங்கள். பெயர், தேதி, நேரம், மண்டபத்தின் முகவரி இவற்றை முதலில் பாருங்கள்; அதுவும் கைப்பேசித் திரையில் இல்லை, தாளில். ஒற்றில் சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காதீர்கள், வாய்தான் கெடுக்கிறது என்று சொன்னேனே. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மெய்ப்பில் சரி என்று சொன்ன பிறகு தொடாதீர்கள். பெரியப்பாவிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெய்ப்புக்கு முன்பே காட்டிவிடுங்கள். அப்போதும் அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் என் எண்ணைக் கொடுங்கள், இரவு பதினொரு மணியானாலும் பரவாயில்லை. அந்த 'மிகு'வைப் பற்றி நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன்.